நானூற்றுப் பன்னிரண்டு காக்கைகள்

பாண்டியராஜன் படகோடு கவிழ்ந்து செத்த சாயங்காலம் கொச்சிக்குப் பக்கத்தில் கும்பளங்கியில் பெய்தது மென்தூறல் என்று காகிதம் சொன்னது. விசாரணை அறிக்கையான அந்தக் காகிதம் மலையாளத்தில் இருந்தது. பதினோரு வருஷமாக மட்டாஞ்சேரியில் இருந்தும் அவன் மனைவி மகாவுக்கு மலையாளம் பேச வருமே தவிரப் படிக்க வராது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஸாதனாதான் வாசித்துத் தமிழில் சொன்னாள். தீபாவளிக்கு மறுநாள், அமைதியான காயலில், மென்தூறலில், ஓட்டுநரின் அசிரத்தையால் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. ஓட்டுநரும், சீன மீன்வலைகளைப் படம் பிடிக்க எர்ணாகுளத்திலிருந்து வந்த சுபாஷிணி என்ற கல்லூரி ஆசிரியையும் இறந்தார்கள். படகில் வேறு யாரும் இல்லை. 'அசிரத்தை' என்ற இடத்தில் ஸாதனா நின்று, அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினாள். தமிழிலும் அதே சொல்தான் என்று மகா சொன்னாள்.

பாண்டியராஜன் பாம்பன்காரன். ஒன்பது வயதில் கடலுக்குப் போனவன். மென்தூறலில் ஒரு படகைக் கவிழ்க்க வேண்டுமென்றால் அவன் அதற்கென்று தனியாக முயற்சி எடுத்திருக்க வேண்டும். கூடப் படகு ஓட்டுகிறவர்கள் விசாரணை அதிகாரியிடம் போய், அன்று வானம் பிளந்து கொட்டியதையும், முப்பதடி தள்ளி நின்ற சீன வலை கண்ணுக்குத் தெரியாமல் போனதையும், இருபது நிமிஷத்தில் எல்லாம் ஓய்ந்ததையும் சொன்னார்கள். அதிகாரி நல்ல மனுஷன். எல்லோருக்கும் சாயா வரவழைத்துப் பொறுமையாகக் கேட்டார். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. மனுஷன் வாய் கருவி ஆகாது என்றார். அந்தக் காயலில் இருக்கும் ஒரே கருவி மேகத்துளி அளவீட்டு மையத்தினுடையது. கனமழை பெய்தது என்று மையம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே அறிக்கையைத் திருத்துவார். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கோப்பை மூடிவிடுவார். இரண்டு சாவும் பாண்டியராஜன் பேரில் நிற்கும்.

மையம் எங்கே இருக்கிறது என்று மகா விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சுக்கு தரம் பிரிக்கும் கிடங்கு பஜார் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். மையம் அதன் மேல்தளம். ஆறு வருஷமாக அவள் தலைக்கு மேலேதான் நடந்துகொண்டிருந்தது. நாற்காலி இழுபடும் சத்தமும் தும்மல் சத்தமும் பலகை இடுக்கு வழியே கீழே வரும். சில நாள் பல்லி சொல்வதுபோல் டிக் டிக் என்றும் கேட்கும். கீழேயிருந்து சுக்குத் தூசி அதே இடுக்கு வழியே மேலே போகும். காற்றில் மிதக்கும் தூசி மேகத்தை என்ன செய்கிறது என்று ஆராய்வதுதான் மையத்தின் வேலை. அதற்குத் தூசியில்லாத இடம் பார்க்க ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு ஒன்பதாம் வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகா மாடிப்படி ஏறினாள். வாசலில் ஒரு பியூன் சின்னப் பெட்டி ஒன்றை அவள் பக்கம் நீட்டினார். உள்ளே வருகிறவர் உடம்பில் எத்தனை துகள் இருக்கிறது என்று பெட்டி சொல்லும். அனுமதிக்கு ஒரு வரம்பு உண்டு. மகா பக்கம் நீட்டியதும் பெட்டியின் எண்கள் ஓடி ஓடி, கடைசியில் எண் இல்லாமல் ஒரு கோடு மட்டும் நின்றது. பியூன் மரியாதையோடு உள்ளே போய் நாலு விஞ்ஞானிகளைக் கூட்டிவந்தார். அவர்கள் அவளைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவர் தும்மினார். மையத்தின் பதிவேட்டில் கொச்சியின் துகள் மூலங்கள் எட்டு இருந்தன. எட்டாவது துறைமுகம். அன்று மதியம் ஒன்பதாவது மூலமாக மகா சேர்க்கப்பட்டாள். பக்கத்தில், 'நகரக்கூடியது' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: மழையின் சராசரித் துளி விட்டம், மனுதாரர் அறிந்தவரை. ஸாதனா 'தெரியாது' என்று நிரப்பினாள். துளியின் விட்டம் தெரியாதவருக்கு மழை பெய்ததும் தெரிந்திருக்க நியாயமில்லை என்று குறிப்பெழுதி விண்ணப்பம் திரும்பி வந்தது. ஸாதனா அடித்துவிட்டுப் 'பெரிசு' என்று எழுதினாள். அது ஏற்கப்பட்டது. இயக்குநரைப் பார்க்க நாள் கிடைத்தது.

இயக்குநர் ஹரிநாராயணன் மட்டாஞ்சேரியிலேயே நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். தமிழ் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகாவை உட்காரச் சொன்னார். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் மழை எப்படி உண்டாகும் என்று அவர் அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். அவர் கை மேஜைக்கு மேல் மேகமாக எழுந்தது.

"இதைக் கேளுங்கோ. காத்தில் புகையும் தூசியும் கூடினா என்னாகும்? உள்ள தண்ணியை ஆயிரம் பேர் பங்கு வைக்கிற மாதிரி, எல்லாத் துளியும் சின்னதாப் போயிடும். சின்னது விழாது, கேட்டேளா. ஒண்ணோடொண்ணு சேராது. சேராம, விழாம, மேலே மேலே ஏறும். அங்கே போய் உறையும். உறையறச்சே சூடு விடும். அந்தச் சூட்டில் மேகம் இன்னும் பொங்கும். பெய்யவேண்டிய நேரத்தில் பெய்யாம, பின்னே எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் கொட்டும். அன்னைக்குப் பட்டாசுப் புகை, கப்பல் புகை, ஆலைப்புகை, எல்லாம் இருந்ததாக்கும். இது என்னோட சொந்த ஆராய்ச்சி."

ஒன்றரை மாதமாக எந்த ஆபீசும் சொல்லாததை இந்த மனுஷர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அப்ப அன்னைக்கு அப்படித்தான் சார் கொட்டிருக்கு."

"இல்லை," என்றார் ஹரிநாராயணன். "அன்னைக்கு மென்தூறல்."

அவர் கோபப்படவில்லை. ஆராய்ச்சி வேறு, பதிவு வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். ஒரு துளி பெரிது, ஒரு துளி சிறிது என்று தனித்தனியாகப் பார்க்க ஆரம்பித்தால் ஆபீஸ் நடத்த முடியாது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருகிற சராசரிதான் மழை. மையம் தொடங்கிய நாள் முதல் அந்தக் காயலில் சராசரி மென்தூறலைத் தாண்டியதே இல்லை, அதற்காக மையத்துக்கு ஒரு கேடயமும் கிடைத்திருக்கிறது என்று அலமாரியைக் காட்டினார். கேடயத்தின் மேல் மெல்லிசாகச் சுக்குத் தூசி படிந்திருந்தது.

அவள் எழுந்து வரும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்து படிக்கட்டில் நிறுத்தினாள். ஸுப்ரியா என்று பேர். முப்பது வயது இருக்கும். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள், கருவிகள் அனுப்பும் பதிவைத் தினமும் சுத்தம் செய்வது அவள் பொறுப்பு. நாளை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் வரமுடியுமா என்று கேட்டாள். குளிக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

மறுநாள் ஸுப்ரியா அவளை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். கும்பளங்கியில் காயலோரமாகத் தண்ணீருக்குள் ஓர் இரும்புத் தூண் நட்டிருக்கிறது, அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு மழைத்துளியும் அந்தத் தட்டில் விழும் தட்டலை வைத்துத் துளியின் அளவைக் கருவி கணக்கிடும். அந்த நொடியிலேயே இங்கே பதிவாகும்.

"எல்லாத் துளியும் ஒரே அளவா இருந்தா மழையே வராது சேச்சி," என்றாள் ஸுப்ரியா. "கூட்டத்தில் நாலு பெரிசு இருக்கணும். அது விழறச்சே வழியில் உள்ள சின்னதையெல்லாம் சேர்த்துண்டு விழும். அந்த வித்தியாசம்தான் மழை. நாங்க அந்த நாலையும் எடுத்துக் களைஞ்சிட்டுப் பாக்கியை மட்டும் கூட்டி வகுக்கறோம்."

ஏன் களைகிறார்கள் என்று மகா கேட்டாள். ஸுப்ரியா ஒரு பழைய சுற்றறிக்கையைக் காட்டினாள். தூண் நட்ட புதிதில் காக்கைகள் வந்து தட்டைக் கொத்தின. அதனால் நாலு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எந்தத் தட்டலும் காக்கை என்று கொள்ளப்பட வேண்டும் என்று உத்தரவானது. உத்தரவு போட்டவர் ஓய்வு பெற்றுவிட்டார். காக்கைகளும் அலுத்துப்போய் வேறிடம் போய்விட்டன. உத்தரவு இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் பதிவில் காக்கைகள் நானூற்றுப் பன்னிரண்டு.

மகா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸுப்ரியா பதிவை இன்னும் கீழே நகர்த்தினாள்.

நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று எழுபத்தொன்று நாலு பன்னிரண்டுக்கும் நாலு முப்பத்துநாலுக்கும் நடுவில் வந்தவை. அவை பெருந்துளிகள், அதில் சந்தேகம் இல்லை என்றாள். பிறகு மழை ஓய்ந்துவிட்டது. ஏழு நிமிஷம் கழித்து, நாலு நாற்பத்தொன்றிலிருந்து நாலு ஐம்பத்தெட்டு வரை, இன்னும் நாற்பத்தொரு தட்டல். மூன்று மூன்றாக. மூன்று, ஓர் இடைவெளி, மூன்று, ஓர் இடைவெளி. போகப்போக இடைவெளி நீண்டது. மழை அப்படி விழாது. காக்கையும் அப்படிக் கொத்தாது.

"பாண்டியராஜன் அண்ணனை எங்கே கண்டெடுத்தா?" என்று ஸுப்ரியா மெதுவாகக் கேட்டாள்.

தூண் பக்கத்தில்தான். தூணைப் பிடித்திருந்த கை தளர்ந்து விழுந்ததுபோல் கிடந்தான் என்று எடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மகா அதைச் சொல்லவில்லை. பெரிய தட்டல் வந்தால் இங்கே ஏதாவது சத்தம் வருமா என்று கேட்டாள். வரும், ஒரு சின்ன டிக் சத்தம், யாரும் கவனிப்பதில்லை என்றாள் ஸுப்ரியா.

மகா கவனித்திருந்தாள். அன்று நாலே முக்கால் சுமாருக்குக் கையில் சுக்கோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மூன்றாகச் சொல்கிறதே, என்ன பல்லி இது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். நல்ல செய்தி வரும் என்று அவள் சொன்னாள்.

ஸுப்ரியா சொன்ன நாளிலிருந்து கிடங்கில் மகா உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டாள். பிரயோஜனம் இல்லை. மேலே சத்தம் இல்லாத நேரத்தில்தான் அதிகமாகக் கேட்டது. சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, மூன்று கேட்கும். அடுத்த மூன்றுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை ஸாதனாவோடு கும்பளங்கிக்குப் போனாள். ஒரு படகுக்காரர் இருவரையும் தூணிடம் கொண்டுபோய்விட்டார். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, தூணின் பச்சைப் பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. பாண்டியராஜன் வலது கையில் எஃகுக் காப்பு போட்டிருப்பான். ஸாதனா விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

ஸுப்ரியா எழுத்தில் ஒரு குறிப்புக் கொடுத்தாள். அவை காக்கைகள் அல்ல என்று. மையத்தின் சரித்திரத்தில் பதிவைப் பற்றி வந்த முதல் சந்தேகம் அது. உடனே காக்கைத் துணைக்குழு அமைக்கப்பட்டது. ஐந்து பேர், ஒரு தலைவர், நீல உறை போட்ட கோப்பு. மனுதாரராக மகாவை அழைத்தார்கள். உறை போட்ட நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அவை காக்கை அல்ல என்பதற்கு ஆதாரம் என்ன என்று குழு கேட்டது. அந்தத் தட்டு உள்ளங்கை அகலம்தான், நானூறு காக்கை எப்படி உட்காரும் என்றாள் மகா. முறை வைத்து வந்திருக்கலாம் என்றார் ஓர் உறுப்பினர். இன்னொருவர், அன்று அங்கே காக்கைகள் இல்லை என்று வனத்துறையிடம் சான்று வாங்கிவர முடியுமா என்று கேட்டார். மூன்றாமவர், துளிகள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும் என்பதைக் கொள்கை அளவில் தானும் ஒப்புக்கொள்வதாகவும், ஆனால் வித்தியாசத்துக்கு விண்ணப்பத்தில் இடம் இல்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

ஹரிநாராயணன் எழுந்து நின்று பேசினார்.

"ஒரு நாளைத் திருத்தினா மத்த நாளெல்லாம் வந்து வாசலில் நிக்கும். எத்தனை தூறலில் எத்தனை பேர் போயிருப்பான்னு நாம இதுவரை பார்த்ததில்லை. பார்க்காததினாலேயாக்கும் இந்த மையம் நடக்கறது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஆனா ஒரு குடும்பத்துக்காகப் பதினோரு வருஷத்து மழையைப் பெய்ய வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

எல்லோரும் தலையசைத்தார்கள். நாற்பத்தொரு தட்டலைப் பற்றி ஸுப்ரியா எழுந்து சொன்னபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தார். கடைசியாகத் தலைவர், அந்த நேரத்தில் மழை பெய்தது என்று மனுதாரருக்கு நேராகத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு மகா போயிருக்கலாம். யாரிடமும் சொல்லாததை ஏன் அங்கே சொன்னாள் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை.

"நாலு மணிக்கு மேல போன் பண்ணாரு சார். மழை பிடிச்சிருச்சு, பாக்கவே பயமா இருக்கு, வர நேரமாகும்னாரு. இங்க வெயில் அடிச்சுது. மழைன்னு சொல்லிட்டுக் கூட்டாளிங்களோட உக்காந்துட்டு வர்ற ஆளுதான் அவரு. இங்க வெயில் கொளுத்துது, யாருகிட்ட கதை விடுறன்னு கேட்டு வச்சுட்டேன். அதுக்கப்புறம் பேசல."

கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. தலைவர் மென்மையாக அவளுக்கு நன்றி சொன்னார். கூட்டக் குறிப்பில் ஒரு வரி சேர்ந்தது: சம்பவ நேரத்தில் மழை இல்லை என்று மனுதாரரே தெரிவித்துள்ளார்.

பத்து நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. ஒரு பக்கமும் சாயாமல் எழுதியிருந்தார்கள். மழை: மென்தூறல். காக்கைகள்: முந்நூற்று எழுபத்தொன்று. வகைப்படுத்தப்படாதவை: நாற்பத்தொன்று. அதே வாரம் ஸுப்ரியாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்ற கடிதமும் வந்தது. தட்டின் மேல் காக்கை உட்காராமலிருக்க நெருக்கமான கம்பிவலை போட உத்தரவானது. இனிமேல் பெரிய துளி எதுவானாலும் வலையில் பட்டுச் சின்னதாகச் சிதறித்தான் தட்டில் விழும்.

விசாரணை அதிகாரி சான்றிதழை இரண்டு முறை படித்தார். மழை என்று அதில் இல்லை. ஆனால் அரசு முத்திரையோடு முந்நூற்று எழுபத்தொரு காக்கைகள் இருந்தன. அவர் நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேன். யோசித்து யோசித்து, மகா முன்னாலேயே அறிக்கையைத் திருத்தினார். பெரும் பறவைக்கூட்டம் திடீரென்று தாக்கியதால் படகு நிலைகுலைந்தது. ஓட்டுநர் மேல் குற்றமில்லை. சம்மதமென்றால் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை நீட்டினார்.

ஸாதனா வாசித்துச் சொன்னாள். வாசிக்கும்போது ஓரிடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதமாக அவளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மகாவுக்குத் தெரியும். சுபாஷிணியின் தாயார் ஒருநாள் கிடங்குக்கே வந்து, தன்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனதும் அவளுக்கு மறக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய்ப் பறவைகள் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? மகா கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாக எழுதியது.

வெள்ளிக்கிழமை ஸுப்ரியாவுக்குக் கடைசி நாள். மகா மதியம் மேலே போனாள். பியூன் பெட்டியை நீட்டவில்லை, கதவைத் திறந்துவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் பதிவைச் சத்தமாகக் கேட்கமுடியுமா என்று மகா கேட்டாள். முடியும் என்றாள் ஸுப்ரியா. ஆனால் யாரும் இதுவரை கேட்டதில்லை.

முதலில் மழை வந்தது. தகரத்தில் ஜல்லி கொட்டுகிற சத்தம். இருபத்திரண்டு நிமிஷமும் மகா அசையாமல் கேட்டாள். இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். பிறகு சத்தம் நின்றது. ஏழு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று.

ஹரிநாராயணன் சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். இது எந்த நாள் பதிவு என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. மூன்று, இடைவெளி, மூன்று. கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அவர் கண் ஜன்னலுக்குப் போய், தரைக்குப் போய், பலகை இடுக்கில் நின்றது.

"ஸத்தத்தைக் குறைச்சு வை ஸுப்ரியா," என்றார் தணிந்த குரலில். "கீழே கேக்கும்."

"கேக்கும் சார்," என்றாள் மகா. "அன்னைக்கும் கேட்டுச்சு."

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸுப்ரியா சத்தத்தைக் குறைக்கவில்லை. கடைசியில் நாற்பதாவதும் நாற்பத்தொன்றாவதும் மட்டும் வந்தன. அவற்றோடு சேரவேண்டிய மூன்றாவதற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

மூன்றாவது வரவில்லை. கொஞ்சம் கழித்து வேறொரு சத்தம் மெல்ல ஆரம்பித்தது. முதலில் இரைச்சல் என்றுதான் மகா நினைத்தாள். கூர்ந்து கேட்டபோது, பொடிப்பொடியாக, ஒன்றைப்போலவே இன்னொன்று. எல்லாம் ஒரே அளவு.

"இது என்ன மேடம்?"

ஸுப்ரியா திரையைப் பார்த்தாள்.

"தூறல். பெரிய மழை விட்டப்புறம் மேகத்தில் மிச்சம் இருந்தது. அஞ்சு மணிக்குத் தொடங்கி ஏழு வரைக்கும் பெய்திருக்கு. சராசரியில் இதுதான் கூடுதல்."

பாண்டியராஜனை ஆறே முக்காலுக்குத்தான் எடுத்தார்கள். அப்படியானால் காகிதம் பொய் சொல்லவில்லை. அந்த மழை பெய்யத்தான் பெய்திருக்கிறது, அவன் மேல், ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஸுப்ரியா நிறுத்தப் போனாள். மகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு வேலை தொடங்கக் கீழே மணி அடித்தது. ஆட்கள் திரும்பி வந்து சுக்கைக் கொட்டும் சத்தம் கேட்டது, பலகை இடுக்கிலிருந்து தூசி எழும்ப ஆரம்பித்தது. மகா எழுந்திருக்கவில்லை. தூறல் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.